கிரேஸ் ஜோன்ஸின் ‘ஐலண்ட் லைஃப்’

ஜமைக்காவில் பிறந்த பாடகி கிரேஸ் ஜோன்ஸின் இசையை எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது 1985இல் வந்த ‘ஐலண்ட் லைஃப்’ தொகுப்பைத்தான். பத்தே பாட்டு. முதல் மூன்றும் டாம் மோல்டன் தயாரித்த டிஸ்கோ. நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு உயிர் அதற்கு அப்புறம்தான்.

நான்காவதாக வரும் ‘பிரைவேட் லைஃப்’, 1980இல் பஹாமாஸின் காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில் பதிவானது. ஸ்லை டன்பர் டிரம்ஸ், ராபி ஷேக்ஸ்பியர் பேஸ் கிட்டார். ஜமைக்காவின் ரெகே தாளமும் நியூ வேவ் என்ற ராக் வகையின் குளிர்ச்சியும் கலந்த இசை. ஹெட்போனில் கேளுங்கள்: பேஸ் ஒரு அடி வைத்துவிட்டு நிற்கும், அந்த இடைவெளியில் கிரேஸின் கனத்த குரல் இறங்கும். பாதி பாட்டு, பாதி பேச்சு. மன்னிக்கவே தயாராக இல்லாத ஒருத்தியின் குரல் அது! அர்ஜென்டினா இசையமைப்பாளர் பியாசோலாவின் டாங்கோ மெட்டில் அவர் பாடியதும் இந்தத் தொகுப்பில் உண்டு. நள்ளிரவில் கேட்க வேண்டிய பாட்டு.

அட்டைப்படத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒற்றைக் காலில் நின்று, கையில் மைக்கோடு, மற்றக் காலைப் பின்னால் நீட்டியிருக்கிறார். எந்த உடம்பாலும் அப்படி நிற்க முடியாது. பிரெஞ்சுக் கலைஞர் ழான்-போல் கூட் தனித்தனியாக எடுத்த படங்களை வெட்டி ஒட்டி, மேலே வண்ணம் தீட்டி உருவாக்கியது. ஃபோட்டோஷாப் பிறப்பதற்கு முன்பே, எல்லாம் கைவேலை.

கடைசிப் பாட்டு ‘ஸ்லேவ் டு தி ரிதம்’, தயாரிப்பு டிரெவர் ஹார்ன். இன்றைக்கு அதிலிருந்தே தொடங்கினாலும் சரி, சத்தத்தை மட்டும் குறைக்காதீர்கள்.