ஒற்றை ஆசிலேட்டரும் இரண்டு கோரஸ் பொத்தான்களும்

எண்பதுகளின் பாடல்களில் கேட்கும், மெத்தென்று விரிந்து இலேசாக அலைபாயும் அந்த ஒலியை அக்காலக் கருவிகளைக் கொண்டே எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று தொடங்கிய வேலை மூன்றாவது மாதத்தை எட்டியிருக்கிறது. என்னிடம் இருப்பவை 1984இல் வெளிவந்த ரோலண்ட் ஜூனோ-106, அதற்கு முந்தைய ஆண்டின் யமஹா டிஎக்ஸ்7 என்ற இரண்டு சிந்தசைசர்கள் (ஒலியை மின்சுற்றுகளால் உருவாக்கும் கீபோர்டுகள்), சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் ஒற்றைக் கம்பிச்சுருள்) பொருத்திய ஒரு மின் கிதார் ஆகியவை.

ஜூனோவில் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். சுரத்துக்கு ஓர் ஆசிலேட்டர்தான், அதாவது அடிப்படை அலையை எழுப்பும் சுற்று ஒன்றுதான். ஒரே ஒலியைப் பலர் சேர்ந்து வாசிப்பது போல் விரிக்கும் கோரஸை அணைத்துவிட்டு வாசித்தபோது, இந்த மெலிந்த ஒலிக்காகவா இத்தனை அலைச்சல் என்று தோன்றியது. முதல் கோரஸ் பொத்தானை அழுத்தியதும் அதே சுரம் அறையின் இரு பக்கமும் பரவியது. உள்ளிருக்கும் சுற்று ஒலியைச் சில மில்லிசெகண்டுகள் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் இடப்பக்கம் கூடும்போது வலப்பக்கம் குறைவதால், ஒரு பக்கம் சுருதி மயிரிழை இறங்க, மறுபக்கம் மயிரிழை ஏறுகிறது. கூடவே வரும் 'உஸ்' என்ற இரைச்சலை ஒழிக்க, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அதை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டது என் தவறு. இரைச்சலோடு சேர்ந்து, மெல்லத் தேய்ந்து அடங்க வேண்டிய சுரத்தின் வாலும் வெட்டுப்பட்டது. கேட்டை எடுத்துவிட்டேன், இரைச்சல் இருக்கட்டும்.

டிஎக்ஸ்7 வேறு வகை. ஆபரேட்டர் எனப்படும் ஆறு அலை உருவாக்கிகளில் ஒன்று இன்னொன்றின் அதிர்வெண்ணை அசைக்க, அதிலிருந்து ஒலி பிறக்கிறது. மின்பியானோவின் மணி போன்ற 'டிங்' வேண்டுமென்று அசைக்கும் ஆபரேட்டரின் விகிதத்தை 14 என, அதாவது வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணைப் போல் 14 மடங்காக, வைத்தேன். அந்த ஆபரேட்டரின் வெளியீட்டு அளவு 75ஆக இருந்தபோது தகர டப்பாவைத் தட்டியது போல் காதைக் குத்தியது. 58க்கு இறக்கி, விரலின் அழுத்தத்துக்கேற்ப மாறும்படி அமைத்த பிறகுதான், மெல்ல வாசித்தால் மரத்தைப் போலவும் அழுத்தி வாசித்தால் மணியைப் போலவும் ஒலித்தது. இரண்டு கருவிகளையும் மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) வழியாக இணைத்து, டிஎக்ஸ்7 முதல் தட்டலைத் தர, ஜூனோ அதன் அடியில் மெதுவாக எழும்படி செய்தது இந்த மாதத்தின் நல்ல விளைச்சல்.

கிதாரை முதலில் கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), பிறகு கோரஸ், கடைசியில் டிலே (ஒலியைச் சற்றுத் தள்ளி எதிரொலிப்பது) என்ற வரிசையில் இணைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் டிலேயை 375 மில்லிசெகண்டில் வைத்தால், அதாவது முக்கால் தட்டில் வைத்தால், ஒற்றைத் தந்தியை மீட்டினாலே இருவர் வாசிப்பது போலிருக்கிறது. பிக்கப் கணினித் திரைக்கு அருகில் சென்றால் முனகுகிறது. உடலைத் திருப்பி உட்கார்ந்துதான் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்த முதல் முயற்சி குழம்பிப்போனது. கிதாரின் கோரஸும் ஜூனோவின் கோரஸும் தத்தம் போக்கில் அலைய, எதன் சுருதியும் நிலைகொள்ளவில்லை. இப்போது ஜூனோவில் மட்டும் கோரஸை விட்டு, கிதாரை மீண்டும் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.