முற்றத்தில் ஒரு தடி, கையில் ஒரு கொப்பி

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர் பலர் வகுப்பறையை அப்படியே விறாந்தைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். செயல்நூலும் கடந்தகால வினாத்தாளும் மேசையில் குவிகின்றன. பிள்ளையும் களைத்துப்போகிறது, படிப்பிப்பவரும் களைத்துப்போகிறார். திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டில், தரம் 5இல் படிக்கும் மகளுக்கும் தரம் 2இல் படிக்கும் மகனுக்கும் நாங்கள் வைத்திருப்பது ஒரேயொரு ஒழுங்குதான். எதையும் அளப்பதற்கு முன் பிள்ளை தன் ஊகத்தைக் கொப்பியில் எழுத வேண்டும்; அதன் பிறகே அளந்து பார்க்கலாம்; பெரியவர்கள் முந்திக்கொண்டு விடையைச் சொல்லக் கூடாது. தன் ஊகத்தை எழுதி வைத்துவிட்ட பிள்ளை, அது சரியா என்று அறியாமல் அந்த இடத்தை விட்டு எழும்பாது.

இதற்கு நான் முதலில் சொல்வது நிழற்கோல். மர நிழல் படாத சமதரையில் ஒரு மீற்றர் உயரம் வெளியே தெரியுமாறு ஒரு தடியை நட வேண்டும். நூலில் கல்லைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டால், தடி நேராக நிற்கிறதா என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு சிறு கல்லை வைத்துக்கொண்டு வந்தால், நிழல் குறுகிக் குறுகிப் பின் நீள்வது தரையில் கோடாகத் தெரியும். மிகக் குறுகிய நிழல் விழும் நேரமே உண்மையான நண்பகல். அந்த நிழல் வடக்குத் தெற்காகக் கிடக்கும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.5 பாகையில் இருப்பதால், ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் 12ஐ அண்டியும் ஓகஸ்ட் 31ஐ அண்டியும், நண்பகலில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. அன்று தடியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். முதலாவது நாள் சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னர் வருவதால் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்க்கலாம். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால், நண்பகல் நிழல் தெற்கே விழும். ஒரு மீற்றர் தடிக்கு ஜூன் 21இல் தெற்கே ஏறத்தாழ 27 சென்ரிமீற்றரும், டிசம்பர் 22இல் வடக்கே ஏறத்தாழ 62 சென்ரிமீற்றரும் நிழல் இருக்கும்.

மாசியில் கிணற்றடிப் பக்கம் விழுந்த நிழலைப் பார்த்திருந்த மகள், ஜூன் மாதத்திலும் கிணற்றடிப் பக்கம் என்றே ஊகம் எழுதியிருந்தாள். நண்பகலில், "அம்மா, நிழல் குசினிப் பக்கம் போகுது, வந்து பாருங்கோ!" என்று கூப்பிட்டாள். காரணத்தை நான் சொல்லவில்லை. ஒரு தோடம்பழத்தில் சிறு ஈர்க்குத் துண்டைக் குத்தி, டோர்ச் வெளிச்சத்துக்கு முன்னே பழத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ஈர்க்கின் நிழல் பக்கம் மாறும் இடத்தை அவளே கண்டுபிடித்தாள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உறவுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஏப்ரலில் நிழல் ஒடுங்கும் நாள் மட்டக்களப்புக்கு எங்களைவிட இரண்டு மூன்று நாள் முந்தியும், யாழ்ப்பாணத்துக்கு அதேயளவு பிந்தியும் வரும். தொலைபேசியில் அளவுகளைச் சொல்லிச் சொல்லி ஒப்பிடும் பிள்ளைகளுக்கு, சூரியன் நாளுக்கு நாள் வடக்கே நகர்வது படமில்லாமலே விளங்கிவிடும்.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் குடும்பங்கள் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம். அங்குள்ள ஏழு கிணறுகளின் வெப்பமும் ஒரே அளவு அல்ல. எது அதிகச் சூடு, எது குறைவு என்று பிள்ளைகள் கைவிட்டுப் பார்த்து வரிசைப்படுத்தட்டும். பிறகு, அள்ளிய வாளித் தண்ணீரில் ஒரு வெப்பமானியை வைத்துச் சரிபார்க்கட்டும். கையை நம்பிய வரிசை பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். அதன் காரணத்தை வீட்டுக்கு வந்து மூன்று பாத்திரங்களில் காட்டலாம். ஒரு கையைக் குளிர்நீரிலும் மறுகையை இளஞ்சூட்டு நீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, இரண்டையும் ஒன்றாகக் குழாய்நீரில் இட்டால், ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மற்றக் கைக்குக் குளிராகவும் தெரியும். இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய கிணறுகள் என்ற கதையை அம்மம்மா சொல்லட்டும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தால் சூடாகி மேலே வருகிறது என்பதை நாங்கள் சொல்வோம். அங்கே எரிமலை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் எழுதும் முதல் ஊகம் அதுவாகவே இருக்கும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இவை உதவுமா என்று கேட்பவர்களுக்கு, அளவிடலும் வரைபும் திசையும் இவற்றினூடாகவே வந்துவிடுகின்றன என்பேன். ஆனால் அதற்காக மட்டும் செய்தால் பிள்ளை உடனே அறிந்துகொள்ளும். பிழைத்த ஊகத்தை அழிறப்பரால் அழிக்க விடாதீர்கள். பக்கத்திலேயே அளந்த விடையை எழுதச் சொல்லுங்கள்.

சிறியவர்களுக்குக் கடல்நீரே போதும். ஒரு லீற்றர் நீரை அகன்ற தட்டில் வெயிலில் வற்றவிட்டு, எஞ்சும் உப்பைத் தராசில் நிறுக்கலாம். ஏறத்தாழ 35 கிராம் வரை கிடைக்கும். நிலாவெளி உப்பளங்களைப் பார்க்கும்போது மகன் இப்போது பாத்திகளின் ஆழத்தைப் பற்றிக் கேட்கிறான்.

மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களுக்கு, ஐந்து கற்களை வைத்து ஆடும் கொக்கான் இருக்கிறது. ஒரு கல்லை மேலே எறிந்து, கீழே கிடக்கும் நான்கு கற்களை முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் சேர்த்து அள்ளுகிறோம். நான்கைப் பிரிக்கக்கூடிய வழிகளில் ஒன்று மட்டும் இந்த ஆட்டத்தில் இல்லை, அது எது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு, ஒன்று, ஒன்று என்று கண்டுபிடித்த எங்கள் பிள்ளைகள் அதையும் ஒரு சுற்றாகச் சேர்த்து விளையாடுகிறார்கள். இப்போது ஆறு கல் வைத்தால் எத்தனை சுற்று வரும் என்று கொப்பியில் ஊகம் எழுதியிருக்கிறார்கள்.