நத்தை தொடாத செடிகள்: இலை டெஸ்ட் கைகொடுத்துச்சு

ஒருவழியா பாத்தி முழுக்க இலையோட நிக்குது! ஓரத்துல கற்பூரவல்லி, நடுவுல ஜெரேனியமும் ரோஸ்மேரியும், நிழல் விழுற மூலையில பெரணி. ஓடில்லாத நத்தைங்க இன்னும் ராத்திரி வரத்தான் செய்யுதுங்க, மண்ணுல பளபளன்னு கோடு கிடக்கு, ஆனா இலையில ஓட்டை இல்ல. இதே இடத்துல டாலியாவும் செண்டுமல்லியும் வெச்சப்போ விடிஞ்சா வெறும் தண்டுதான் நிக்கும்.

நத்தை சாப்பிடாத செடின்னு சுத்துற லிஸ்ட்டை நம்புறத விட்டுட்டு, வாங்குறதுக்கு முன்னாடி இலையை வெச்சு டெஸ்ட் பண்றேன். ஈரமான பலகையை மண்ணுல கவுத்துப் போட்டா பகல்ல நத்தை எல்லாம் அதுக்கு அடியில பதுங்கும். இருட்டினதும் பலகை பக்கத்துலயே இலைகளை வரிசையா வெக்கணும், கூடவே ஒரு செண்டுமல்லி இலையும் கண்டிப்பா வேணும், ஏன்னா அதைக் கூட தொடலைன்னா அன்னிக்கு நத்தை பசியோட வரலைன்னு அர்த்தம், டெஸ்ட் செல்லாது.

இதுல உயிரை வாங்குற விஷயம் இலை வாடுறது. பறிச்சுப் போட்ட இலை கொஞ்சம் தொவண்டாலே, செடியில இருக்கும்போது சீண்டாத இலையைக் கூட நத்தை மேய ஆரம்பிச்சிடும், ரிசல்ட் மொத்தமும் தப்பாயிடும். அதனால காம்போட கிள்ளி, காம்பு நுனியில ஈரப்பஞ்சு சுத்தி, பஞ்சு மேல சின்னதா பிளாஸ்டிக் கவர் கட்டி, இலையை படுக்க வெக்காம மண்ணுல குத்தி நிறுத்துறேன். பஞ்சுலேர்ந்து தண்ணி இலை மேல வழியக்கூடாது, வழவழப்பா நகர்றதுக்கு நத்தைக்கு ஈரம்தான் வேணும், நாமளே ரோடு போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.

டார்ச் அடிச்சு உக்காந்து பாருங்க, அவ்ளோ நல்லா இருக்கும். ஜெரேனியம் இலை ஓரத்துல அந்த சொரசொரப்பு பட்டதும் கீழ் உணர்கொம்பு ரெண்டும் சட்டுனு உள்ள போச்சு, தலையைத் திருப்பி நேரா செண்டுமல்லிக்குப் போயிடுச்சு. வாசனை, ரோமம், தடிச்ச தோல், பால், இதுல ஏதாவது ரெண்டு ஒண்ணா இருக்குற இலைதான் என் பாத்தியில நல்லா தாங்குது. கற்பூரவல்லியில முதல் ரெண்டுமே இருக்கு.

ஆனா நாத்துப் பருவத்துல இந்த கணக்கு எதுவும் எடுபடாது. தளிர் இலையில தோலும் தடிக்கல, ரோமமும் பத்தல, எல்லாத்தையும் ருசி பாத்துடும். தொட்டியில வளர்த்து இலை முத்தினப்புறம் எறக்குங்க.

நர்சரியில வாங்கும்போது தொட்டியைத் தூக்கி அடி ஓட்டையைப் பாக்காம காசு குடுக்காதீங்க. சின்ன கண்ணாடி மணி மாதிரி கொத்தா இருந்தா அது முட்டை. ஒரு இடத்துல சுட்டிக்காட்டினதுக்கு "அது உரம்"னு சாதிச்சாங்க, செம கடுப்பு. அங்க இனி போறதில்ல.

பெரணி மூலை இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு. அதுக்குள்ள லாவெண்டர் ஆசை வந்துடுச்சு, வெயில் படுற பக்கம் மண்ணுல மணல் கலந்து மேடு கட்டிட்டு இருக்கேன். டெஸ்ட்டுக்கு லாவெண்டர் கிளை ஒண்ணு பஞ்சு சுத்தி ரெடியா இருக்கு, இன்னிக்கு ராத்திரி குத்தி வெக்கப் போறேன்.