மாதுளைப் பாகு: மூன்றாவது ஈட்டில் கசப்பு போனது

மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி எடுக்கும் புளிப்புப் பாகு இது. முதல் இரண்டு ஈடும் நிறத்தில் குறை சொல்ல முடியாது. நாக்கில் வைத்தால் கஷாயம். தப்பு அடுப்பில் இல்லை, மிக்ஸியில்.

முத்தின் சதையில்தான் சாறு. உள்ளே இருக்கும் கொட்டை உடைந்தால் கசப்பும் கூடவே இறங்கிவிடும். வடிகட்டினால் தூள் நிற்கும், கசப்பு நிற்காது. சாறு ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது அந்தக் கசப்பும் ஐந்து மடங்கு ஏறும். மிக்ஸி குமிழை 'இன்ச்' பக்கம் திருப்பி ஒரு நொடி ஓட்டினாலே கொஞ்சம் உடைகிறது. அதனால் இந்த முறை மிக்ஸியே கிடையாது. கெட்டியான ஜிப் கவரில் இரண்டு கை முத்து, காற்றை வெளியேற்றி மூடி, மேலே சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டல். ஆசைப்பட்டு நிறைய போட்டால் கவர் வாய் பிளக்கும், சுவரெல்லாம் சிவப்பாகும். பிறகு மல் துணியில் பிழிய வேண்டும். கடைசிச் சொட்டுக்காக முறுக்கவே கூடாது. அதில் துவர்ப்பு மட்டும்தான் இருக்கிறது.

தண்ணீரில் உதிர்த்தால் வெள்ளைச் சவ்வு மிதக்கும், முத்து அடியில் தங்கும். அதை நன்றாக வடித்துத் துணியில் பரப்பிவிடுங்கள். ஒட்டியிருக்கும் தண்ணீரையும் அடுப்பில் வைத்துச் சுண்டவிடுவது காஸுக்குத் தண்டம்.

கணக்கு: பக்வா ரக மாதுளை 3 கிலோ, முத்து 1.7 கிலோ, சாறு 1,100 மில்லி. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, தெளிவை மட்டும் இறுத்ததில் 1 லிட்டர். வண்டலோடு காய்ச்சினால் அடிப்பிடிக்கும்.

பக்வா தின்பதற்கு அருமை, பாகுக்குப் புளிப்பு பத்தாது. மேற்காசியாவில் இதைக் காய்ச்சுவது புளிப்பு ரகங்களில். நம்ம பழத்தை அப்படியே சுண்டவைத்தால் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். சென்னை சவுகார்பேட்டை வட இந்திய மளிகைக் கடைகளில் 'அனார்தானா' கேளுங்கள்: இமயமலைப் பக்கத்துப் புளிப்பு மாதுளையின் காய்ந்த முத்து. விரலில் நசுக்கினால் பிசுபிசுக்க வேண்டும்; கல் மாதிரி இருந்தால் பழசு. தூளாக வாங்காதீர்கள், கொட்டையும் சேர்ந்து அரைபட்டிருக்கும். 60 கிராமை 150 மில்லி வெந்நீரில் 2 மணி நேரம் ஊறவைத்து, கையால் பிசைந்து வடித்தால் போதும். தள்ளுவண்டியில் தோல் வெடித்த பழம் மலிவாகக் கிடைத்தால் பாகுக்கு எடுக்கலாம். உள்ளே பழுப்போ காடி வாசனையோ இருந்தால் முழுப் பழத்தையும் கழித்துவிட வேண்டும்.

அகலமான எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. இரும்பு வாணலியில் வைத்தால் துவர்ப்பும் இரும்பும் கலந்து மை போலக் கறுக்கும். அனார்தானா தண்ணீரை முதலிலேயே ஊற்றி, மிதமான தீயில் ஐம்பது நிமிடம். சிவப்பு மங்கிப் பழுப்பேறுவது இயல்பு, பயப்பட வேண்டாம். நுரை அடங்கிப் பெரிய பளபளப்பான குமிழி வந்ததும் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு. விரலால் கோடு இழுத்தால் சேராமல் நிற்க வேண்டும். சூட்டிலேயே கெட்டியாகத் தெரிந்தால் ஆறியதும் கமர்கட்தான். அப்போது இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு இளக்கலாம். எலுமிச்சை 2 ஸ்பூன், இறக்கிய பிறகு. முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் அதுவும் கசக்கும். நிகர வரவு: 200 மில்லிக்குக் கொஞ்சம் மேலே.

சோடாவில் ஒரு ஸ்பூன் ஏற்கெனவே தேறிவிட்டது. அடுத்து, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) மாதிரி வீட்டில் செய்து, புளித்தண்ணிக்குப் பதில் இது. காசிமேட்டு வஞ்சிரத்துக்கும் தடவிப் பார்க்கணும், தவாவிலிருந்து இறக்கிய பிறகு. மசாலாவோடு கலந்தால் மீன் வேகும் முன்னே சர்க்கரை கருகிவிடும்.