தண்ணீர் எதுவரை ஏறியது?

வார்டில் டிஸ்சார்ஜ் எழுதும்போது நர்ஸுகள் நாங்கள் நோயாளியின் குடும்பத்திடம் வழக்கமாகக் கேட்பது, "வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று. புயல் வெள்ளத்துக்குப் பிறகு வடசென்னைக் குடும்பத்திடம் அதற்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: "வீட்டுக்குள்ளே தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு?"

பதில் கணுக்கால் என்றால் சேறும் கழிவறையும்தான் வேலை. முழங்கால் என்றால் சம்ப் (தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடிக்கு மேல் போயிருக்கும். மோட்டாரும் காஸ் ரெகுலேட்டரும் நனைந்திருக்கும். இடுப்பு என்றால் மெத்தை, ஃபிரிட்ஜ், பிளக் பாயிண்ட், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மருந்து, ரிப்போர்ட் எல்லாம் போயிருக்கும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் ரோடு போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. தெருவில் வடிந்த பிறகும் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும். அதனால் "தெரு காய்ஞ்சிடுச்சு, கூட்டிட்டுப் போறோம் சிஸ்டர்" என்ற பேச்சை நம்பி அனுப்பக் கூடாது. டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பு யாராவது போய் வீட்டைப் பார்த்துவிட வேண்டும்.

சுத்தம் செய்வதில் பெரும்பாலும் வரிசைதான் தப்புகிறது. சேற்றின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடுகிறார்கள். சேற்றில் இருக்கும் அழுக்கே குளோரின் முழுவதையும் தின்றுவிடும், தரைக்கு எதுவும் மிஞ்சாது. சேறு காய்வதற்குள் வாரித் தள்ளி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பிளீச்சிங். புதிய பவுடர் என்றால் லிட்டருக்கு 16 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன். பத்து லிட்டர் வாளிக்கு 160 கிராம். கலக்கிக் கால் மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். தரை பத்து நிமிஷம் ஈரமாகவே இருக்கட்டும், பிறகு கழுவலாம். ஈரம் பட்டுக் கட்டியான, நெடி அடிக்காத பவுடரில் பலன் இல்லை. கழிவறைக்கு வாங்கிய ஆசிடை இதனுடன் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சிழுப்பு நோயாளி இருக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. நோயாளி வருவதற்கு முந்தின நாளே இந்த வேலை முடிந்து, ஜன்னல் திறந்து கிடக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் வந்தது. எண்ணெய் பிளீச்சிங்குக்கு அசையாது. மரத்தூள் போட்டு உறிஞ்ச வைத்து வாரி, பழந்துணியால் துடைத்து, அதன் பிறகு சோப்பும் வெந்நீரும். கைகாலில் ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்புப் போட்டால் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம். வாடை போகும்வரை மூச்சு நோயாளியை உறவினர் வீட்டில் வைத்திருப்பதே நல்லது. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

சம்பை இறைத்து, தேய்த்து, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பவுடர் கரைத்து பன்னிரண்டு மணி நேரம் விட்டு, அதையும் இறைத்துவிட வேண்டும். யாரும் தனியாக உள்ளே இறங்கக் கூடாது. அடிபம்பில் முதலில் வருவது கறுப்பாக, சாக்கடை வாடையோடு இருந்தால் குழாய்க்குள் கழிவுநீர் புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் கொதிக்க வைத்தாலும் குடிக்க ஆகாது. லாரித் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் நோயாளிக்குத் தர வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரே விதி: எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயின் ஆஃப்.

நனைந்த பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுக் காப்பாற்றப் பார்ப்பார்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே பூஞ்சை இருக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான். சுவர் காய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் போடுங்கள். மறுபடி மழை வரும் என்று கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்துகிறவர்கள், பக்கவாத நோயாளிக்கு அப்படிச் செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். இல்லையென்றால் எழும்போது சறுக்கி விழுவார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது.

வெள்ளத்தில் நனைந்த மாத்திரை அட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். கரண்ட் போனதும் இன்சுலினை ஐஸில் புதைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. திறந்து பயன்படுத்தும் குப்பி பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். மூடிய டப்பாவில் வைத்து, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் இறக்கினால் போதும். உள்ளங்கையில் உருட்டிய பிறகும் திரிதிரியாகத் தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டுவருவதிலும் கண் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தைத் தாக்கும். நிவாரணப் பொட்டலத்தின் புளிசாதமும் ஊறுகாயும் இதய நோயாளிக்கு உப்பு மூட்டை. இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த ஒரு மாதத்தில் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு சேர்ந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் "வெள்ளத் தண்ணியில நடந்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, பலர் தள்ளிப்போடுவது. வெள்ளத்தில் என்ன போனது என்பதை நோயாளியிடம் ஆஸ்பத்திரியிலேயே, முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று வெறும் வீட்டைப் பார்க்கும்போது தெரியக் கூடாது. "ஆயா, உன் கட்டில் போச்சு, தையல் மிஷின் இருக்கு" என்று போனதையும் இருப்பதையும் சேர்த்துச் சொல்லலாம். காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பத்து மீனவரிடம் வலையைப் பற்றி மறைப்பது வீண். அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

நனைந்து ஒட்டிய போட்டோக்களைக் காய்ந்த பின் பிரித்தால் படம் உரிந்துவரும். வீட்டில் இருப்பவர்கள் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்பி உலர்த்தட்டும். காய்ந்ததும் நோயாளியின் மடியில் ஒரு முறத்தில் கொடுங்கள். யார், எந்தக் கல்யாணம் என்று பின்பக்கம் எழுதிவைக்க அவர் சொல்லச் சொல்ல ஒரு பேரப்பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும்.