வரலாறு ஆப்ஷனல்: சாவி யார் கையில் என்று கேளுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை சிவில் சர்வீஸ் மெயின்ஸ் ரிசல்ட் வந்தது. என் ஆப்ஷனல், அதாவது விருப்பப் பாடம், வரலாறு. மூன்றாவது முயற்சி; பட்டியலில் என் எண் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இண்டர்வியூ பாக்கி இருக்கிறது. ஆனாலும் மறப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

போன தடவை வரலாறு 2ஆம் தாளில் எனக்கு 97தான். காலனி ஆட்சியில் மத இயக்கங்கள் அரசியல் பலம் பெற்றதைப் பற்றிக் கேட்டால், கொள்கைகளையே இரண்டு பக்கம் எழுதுவேன். பலம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடைசியில் நாலு வரி. கோச்சிங்கில் திருத்தியவரும் டிக் போட்டே கொடுத்தார். அந்த ஒரு வருடம் போனது இன்னும் வலிக்கிறது.

கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் அகாலி இயக்கம் (குருத்வாராக்களை மீட்கச் சீக்கியர் நடத்திய போராட்டம்) படித்தபோதுதான் பிடிபட்டது. 1921 நவம்பரில் அமிர்தசரஸ் துணை ஆணையர் ஆள் அனுப்பிப் பொற்கோயில் கருவூலச் சாவிகளை எடுத்துக்கொண்டார். எதிர்த்துக் கூட்டம் போட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். 1922 ஜனவரியில் அதே சாவிகளை சீக்கியத் தலைவர் பாபா கரக் சிங்கிடம் அரசு திருப்பிக் கொடுத்தது. காந்தி வாழ்த்துத் தந்தி அடித்தார். மதத்தில் தலையிட மாட்டோம் என்று 1858இல் அறிவித்த அரசுதான் அந்தக் கோயிலுக்கு நிர்வாகியை நியமித்து வந்தது. அதனால் கோயிலைக் கேட்பதே அரசை எதிர்ப்பதாகிவிட்டது. 1925 குருத்வாரா சட்டத்தோடு வருமானமும் தேர்தலும் சீக்கியர் கைக்கே வந்தன. நோட்டு ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: சாவி யார் கையில்? அதாவது, இயக்கத்துக்குப் பலம் தரும் இடமும் பணமும் ஆளும் யாரிடம்?

அப்புறம் எல்லா உதாரணத்தையும் இப்படித்தான் படித்தேன். லிபியாவின் சனூசிகளுக்கு (ஒரு சூஃபி இயக்கம்) சாவி, ஜாவியா மடங்கள். தொழுகை, பள்ளி, வணிகர் தங்குமிடம், பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். 1911இல் இத்தாலி படையெடுத்தபோது எதிர்ப்புக்கு அமைப்பு தயாராக இருந்தது. அதனால்தான் 1930இல் இத்தாலியர் மடங்களை மூடிச் சொத்தைப் பறித்தார்கள். 1951இல் சனூசித் தலைவர் இத்ரிஸ் மன்னரானார்.

நம்ம ஊர் உதாரணத்தை விடாதீர்கள். நான் தினமும் பஸ்ஸில் கடக்கும் அடையாறு பிரம்மஞான சபை 1882 முதல் அங்கே இருக்கிறது. சபைத் தலைவர் அன்னி பெசன்ட் 1914இல் நியூ இந்தியா நாளிதழை நடத்தத் தொடங்கினார். 1916இல் சுயாட்சி கேட்டு ஹோம் ரூல் லீக். சபைக் கிளைகளே அதற்கு ஆள் கொடுத்தன. 1917 ஜூனில் அரசு அவரைக் காவலில் வைத்தது; டிசம்பரில் அவர் காங்கிரஸ் தலைவர்.

சரி, மற்றவை:

- கொள்கைக்கு இரண்டு வரி போதும்.
- ஆண்டு தெரியாத உதாரணம் வேண்டாம்.
- தினம் ஒரு பதில், பேனாவால்.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. தனியாகப் படியுங்கள்.
- தமிழில் எழுதுகிறவர்கள் ஜாவியா, மகந்த் (கோயில், மடத்தின் பொறுப்பாளர்) போன்ற சொல் முதலில் வரும் இடத்திலேயே அரை வரியில் விளக்கிவிடுங்கள்.