பலாலி ஏடிஆரைத் துரத்தும் ஆன்டெனா

மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா வைத்து, தலைக்கு மேல் போகும் விமானங்களைக் கணினித் திரையில் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. வீடு சிட்லபாக்கத்தில். ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். இதைவிட வசதியான இடம் சென்னையில் கிடைக்காது.

பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் தன் அடையாள எண், உயரம், வேகம், இருக்கும் இடம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். அதற்குப் பெயர் ஏடிஎஸ்-பி. பென்டிரைவ் அளவில் இருக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் என்ற ரேடியோ ரிசீவர் ஒன்றும், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி பழையது ஒன்றும் இருந்தால் போதும், நாமும் ஒட்டுக்கேட்கலாம். மென்பொருள் இலவசம். எல்லா வித்தையும் ஆன்டெனாவில்தான்.

எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளக்க ஒரு விமானம் தேவைப்பட்டது. முப்பத்தைந்தாயிரம் அடியில் போகும் ஜெட்டைச் சுமாரான ஆன்டெனாகூடப் பிடித்துவிடும், அதை வைத்து எதுவும் தெரியாது. நான் பிடித்துக்கொண்டது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகும் ஏடிஆர் 72 என்ற பயணிகள் விமானம். இரண்டு எஞ்சின், ஆறு இதழ் புரொப்பெல்லர்கள். அவ்வளவு உயரம் போகாது. கிட்டத்தட்ட நேர் தெற்கே, சோழமண்டலக் கரையை வலப்பக்கம் விட்டுக்கொண்டு போகும். எந்த ஊர் நேரில் திரையிலிருந்து மறைகிறதோ, அதுதான் அன்றைக்கு என் ஆன்டெனாவின் மார்க்.

டாங்கிளோடு வந்த குச்சி ஆன்டெனாவை ஜன்னலில் வைத்தபோது மாமல்லபுரத்தோடு சரி. அதையே மாடிக்குக் கொண்டுபோய் ஒரு பிஸ்கட் டப்பா மூடிமேல் நிற்க வைத்ததும் புதுச்சேரி வந்தது. பிறகு நானே செய்தேன். 1090 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 27.5 செ.மீ., அதில் கால்பங்கு ஏறக்குறைய 6.9. வயரிங் வேலையில் மிஞ்சிய செப்புக் கம்பியில் அந்த அளவுக்கு ஒன்று நேராக நிற்கும்படி. இன்னும் நாலு கம்பிகள் கீழ்நோக்கி 45 டிகிரி சாய்வில். மேலே ஒரு பிவிசி பைப், மழைக்கு மூடி. கடலூர் தாண்டி பரங்கிப்பேட்டைவரை போனது.

அதற்குமேல் நகரவில்லை. காரணம் கேபிள். ரேடியோ கடைகளில் வாடிக்கையாகத் தரும் மெல்லிய ஆர்ஜி-58, இந்த அலைவரிசையில் ஒவ்வொரு மீட்டருக்கும் சிக்னலைத் தின்னும். டிஷ் ஆன்டெனாவுக்கு இழுக்கிற சாதாரண ஆர்ஜி-6 விலையும் குறைவு, இழப்பும் குறைவு. ஆன்டெனா 50 ஓம், இந்தக் கேபிள் 75 ஓம், பொருந்தாதே என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். சிக்னல் வரவில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. கேபிளை மாற்றி, குழாயைத் தண்ணீர் டேங்குக்கு மேலே உயர்த்தியதும் ஏடிஆர் வேளாங்கண்ணிவரை வந்தது.

என்னைவிட இந்தக் கணக்கில் ஆர்வம் கீழ்வீட்டு அம்மாவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தவர். "தம்பி, இண்டைக்கு எங்க மட்டும் போனது?" என்று படியேறி வந்து கேட்பார். அந்தக் காலத்து இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் பயணமே, 1947 டிசம்பர் 10-இல், கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான். டிசி-3 டகோட்டா. பிறகு அந்த வழியில் பறந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு வந்த கதை அந்த வீட்டில் இன்னும் ஓடுகிறது. போர்க்காலம் முழுக்க அந்த வழி மூடிக் கிடந்து, மறுபடி பயணிகளோடு ஏடிஆர் இறங்கியது 2019 நவம்பர் 11-இல். கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது.

ஒரு நாள் மாலை, இருவரும் மாடியில் இருக்கும்போது மாடம்பாக்கம் பக்கமிருந்து உறுமல். திரையில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. நான் கேபிளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உது உங்கட ஏடிஆர் இல்லைத் தம்பி. பாரமான சத்தம். ஆமிக்காரற்ற."

மேலே வந்தது ஏஎன்-32, விமானப்படையின் சரக்கு விமானம். இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரிய எஞ்சின்கள், பார்த்தால் தவறாது. ராணுவ விமானங்கள் பல தம் இருப்பிடத்தை ஏடிஎஸ்-பியில் சொல்வதில்லை. என் பெட்டிக்கு அது தெரிய வழியே இல்லை.

இந்த ரகத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். 1987 ஜூன் 4, பூமாலை நடவடிக்கை: இந்தியாவின் ஐந்து ஏஎன்-32கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்து நிவாரணப் பொதிகளைப் போட்ட நாள். "சனமெல்லாம் முதல் பங்கருக்குள்ள ஓடினது. பிறகு பாரசூட்டைக் கண்டுதான் வெளிய வந்தனாங்கள்." அதற்குப் பிந்தைய வருடங்களில் வந்தவை இலங்கை விமானப்படையுடையவை, வேறு மாதிரி. சாமான் ஏற்றும் விமானத்திலிருந்து குண்டை உருட்டிவிடுவார்கள், அதைச் சனங்கள் சகடை என்பார்கள். "சின்னதுகள்கூடச் சத்தத்திலேயே சொல்லும், இது சகடை, இது பொம்பர், இது ஹெலி எண்டு. பிழைக்காது." சொல்லிவிட்டு, காய்ந்த மிளகாயை வாரிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் விமான ரகங்களைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தவன். எஞ்சின் சத்தத்தைக் கவனிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்தத் தையில் அவரே பலாலிக்கு ஏடிஆரில் போனார். நான் திரையின் முன்னால். கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. அங்கே புள்ளி நின்றது. திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பெல்ட்டைக் கழட்ட முதல் இறங்கச் சொல்லிட்டாங்கள். அதுக்கே இவ்வளவு வருசம்" என்று சிரித்தார். பனங்கிழங்கு ஒரு கட்டு வந்தது.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே இனி சிட்லபாக்கத்திலிருந்து முடியாது. விமானம் அங்கே இறங்கத் தொடங்கிவிடுகிறது, பூமியின் வளைவு குறுக்கே வருகிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். விமானத்துக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று, இரண்டையும் கூட்ட வேண்டும். என் ஆன்டெனா இருப்பது 12 மீட்டரில். அதை இரட்டிப்பாக உயர்த்தினாலும் கூடுதலாக ஆறு கிலோமீட்டர்தான் கிடைக்கும்.

ஆனால் வேதாரண்யத்தில் மச்சான் வீடு இருக்கிறது. அங்கிருந்து பலாலி எழுபது கிலோமீட்டருக்குள். அதே 12 மீட்டர் உயரம் கிடைத்தால், ஏடிஆர் அறுநூறு அடிக்கு இறங்கும்வரை தெரிய வேண்டும். இரண்டாவது டாங்கிள் வாங்கியாகிவிட்டது. உப்புக்காற்றில் செப்புக் கம்பி பச்சை பிடிக்கும் என்பதால் இந்த முறை முழுக்க வார்னிஷ் அடித்து, கனெக்டர்களுக்கு ரப்பர் டேப் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மச்சான் கேட்ட ஒரே கேள்வி, கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்பது.